சுவரில்லாத உயிர்

1853-ம் வருஷம் ஹாலந்து தேசத்துக் கப்பல் ஒன்று தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் உள்ள மாஸல் பே என்ற சிறு துறைமுகத்தில் சில காளைகளை இறக்கிவிட்டுப் போயிற்று. உள்ளூர் மாட்டு ஜாதியை விருத்தி செய்வதற்காக ஆசைப்பட்டு வரவழைத்த காளைகள். பார்வைக்கு நல்ல வாளிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். நோஞ்சான் மாட்டை யார் கடல் கடந்து கூலி கொடுத்துக் கொண்டு வருவார்கள்? ஆனால் அவற்றோடு ஒரு கிருமியும் கரை இறங்கிற்று. அதற்கு நாலு வருஷத்துக்குப் பிறகு, அந்தத் துறைமுகத்துக்குக் கிழக்கே வெகு தூரத்தில் வாழ்ந்த கோஸா என்ற ஜனங்கள் தங்கள் மாடுகளையெல்லாம் தங்கள் கையாலேயே வெட்டிப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் துப்பாக்கி உண்டு, கவர்னர் உண்டு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உண்டு. சரித்திரப் புத்தகங்கள் இவர்களுக்கெல்லாம் தாராளமாக இடம் கொடுத்திருக்கின்றன. கிருமிக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. அதன் சுபாவம் தெரியாமல் இந்தக் கதை முழுசாக விளங்காது என்பது என் அபிப்பிராயம். சுபாவம் என்று மனிதரைப் பற்றிச் சொல்வது போல் சொல்லிவிட்டேன். போகப் போக வாசகர்களுக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.

முதலில் வியாதியைப் பார்ப்போம். மாடுகளின் நுரையீரலையும் அதைச் சுற்றியுள்ள ஜவ்வையும் பற்றுகிற தொற்று நோய் இது. கோமாரியைப் போலவோ வெக்கையைப் போலவோ நாலு நாளில் இன்னதென்று தெரிந்துவிடாது. வியாதிக்கார மாட்டின் பக்கத்தில் நின்று அதன் மூச்சைச் சுவாசித்த மாடு, மூன்று வாரம், நாலு வாரம், சில சமயம் மூன்று மாதம்கூட ஒன்றுமே நடக்காதது போல் மேய்ந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் லேசாக இருமும். தீனியைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் முன்னங்கால்களை அகட்டி வைத்துக் கழுத்தை நீட்டியபடி மூச்சுக்குத் திணறும். செத்த மாட்டின் நெஞ்சைத் திறந்து பார்த்தால் குடம் குடமாக மஞ்சள் நீர் தேங்கியிருக்கும். 30 லிட்டர் வரை இருப்பதுண்டு. பஞ்சு போல் இருக்க வேண்டிய நுரையீரல் சிவப்பும் கறுப்பும் சாம்பலுமாகக் கோடு ஓடி, பளிங்குக் கல்லைப் போல் இறுகிக் கிடக்கும்.

புதிதாக நோய் நுழைந்த மந்தையில் பாதி செத்தாலும் வியப்பில்லை. மற்றவை பிழைத்துக்கொள்ளும். அபாயம் அங்கேதான் இருக்கிறது. பிழைத்த மாடுகளில் சில, செத்துப்போன நுரையீரல் துண்டைத் தடித்த உறையால் மூடி நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடும். உறைக்குள் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெளியே தோல் பளபளக்கும். சந்தையில் நல்ல விலை போகும். உறை உடைந்து நோய் மறுபடி கிளம்பிவிடுமோ என்று அக்காலத்து மாட்டு வைத்தியர்கள் எப்போதும் அஞ்சிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குச் செத்த மாட்டுக்கும் மூன்று மாதத்துக்கு முன் வாங்கி வந்த கொழுத்த மாட்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எந்தக் குடியானவன் நினைப்பான்?

இந்த மந்தமான போக்கினால்தான் நோய் கப்பல் ஏற முடிந்தது. வேகமாகக் கொல்லும் வியாதியாக இருந்தால் நடுக்கடலிலேயே மாட்டோடு கடலில் எறிந்திருப்பார்கள். 1843ல் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் ஒரு பால்காரர், இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலில் இருந்த பசு ஒன்றை வாங்கினார். அமெரிக்காவுக்கு நோய் வந்தது அப்படி. 1858ல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்த மாட்டோடு ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. மாஸல் பே இந்த இரண்டுக்கும் நடுவே.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி கண்டவர் பெல்ஜியத்து ஹாஸல்ட் நகரத்து டாக்டர் லூயி வில்லம்ஸ். ஹாஸல்ட்டில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் அதிகம். காய்ச்சி மிஞ்சின சக்கையைப் போட்டு மாடு கொழுக்க வைப்பது அவர்களுடைய உபதொழில். கொட்டிலில் மாடுகள் உடம்போடு உடம்பு உரசிக்கொண்டு நிற்கும். மூச்சிலிருந்து மூச்சுக்குத் தாவுகிற வியாதிக்கு இதைவிட வேறென்ன சௌகரியம் வேண்டும்? வில்லம்ஸின் தகப்பனாரும் சாராயம் காய்ச்சி மாடு வளர்த்தவர்தான். மகன் என்ன செய்தார் என்றால், செத்த மாட்டின் நுரையீரல் நீரை எடுத்து நல்ல மாட்டின் வால் நுனியில் குத்தி ஏற்றினார். வால் வீங்கிற்று. சில மாடுகளுக்கு வாலே அழுகி விழுந்தது, சில செத்தும் போயின. ஆனால் வால் வீங்கிப் பிழைத்த மாட்டுக்கு நுரையீரல் நோய் வரவில்லை. 1852ல் இதைப் பிரசுரித்தார். பாஸ்டர் பெயர் அம்மைப்பால் விஷயத்தில் அடிபடுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்த காரியம் இது. எந்தக் கிருமி என்பது வில்லம்ஸுக்குத் தெரியாது. அதைக் கண்ணால் கண்டவர் அப்போது உலகத்திலேயே யாரும் இல்லை.

இந்த உபாயம் மேற்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்ப்பவர்களிடமும் இருந்திருக்கிறது. அவர்கள் வாலைத் தொடவில்லை. மூக்குத் தண்டைக் கீறி, வியாதி நுரையீரலின் ஒரு துணுக்கை அங்கே வைத்தார்கள். அந்த இடத்தில் சில சமயம் எலும்பு புடைத்துக் கொம்பு போல் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செனகல் பக்கம் போன பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மூன்று கொம்புள்ள புதிய மாட்டு ஜாதி ஒன்று இருப்பதாக எழுதிவிட்டார். படித்தவர்கள் கண்ணுக்கு மேய்ப்பனுடைய வைத்தியம் தெரிவதைவிட மூன்றாவது கொம்பு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது!

கோஸாக்களின் கதைக்கு வருவோம்.

பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள் உண்டு. கோஸாக்களுக்கும் அப்படித்தான். பால் மாட்டிலிருந்து, பெண் எடுப்பது மாட்டைக் கொடுத்து, மூதாதைகளோடு பேசுவது மாட்டைப் பலி கொடுத்து. மறுபடியும் ஆங்கிலேயரோடு போர் செய்து, 1853ல் தோற்று, அமதோலே மலைப் பக்கத்து நிலங்களைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலையில் அவர்களுக்கு மிச்சமாயிருந்தவை மாடுகள். 1855ல் நுரையீரல் நோய் அங்கே வந்து சேர்ந்தது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. இது முக்கியம். மாடுகளை எட்டாத மலைப் பக்கங்களுக்கு ஓட்டிப் போனார்கள். அந்நிய மாடுகளைத் தனியே நிறுத்தினார்கள். மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிப் புல்லைக் கொளுத்தி எல்லை கட்டினார்கள். வெளி மாடு எதுவும் தம் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசர் ஸாரிலி தடை போட்டார். இன்றைக்குக் கால்நடை இலாகாவில் உத்தியோகம் பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் செய்யச் சொல்வார். ஆனால் நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டின் நெஞ்சுக்குள் மூன்று மாதம் மூச்சுக் காட்டாமல் இருக்கிற எதிரியை வேலி போட்டு எப்படித் தடுப்பது? சுத்தமாக இருந்த மந்தையில், காரணம் எதுவும் கண்ணில் படாமல், மாடுகள் சாய்ந்தன. காரணம் கண்ணில் படாத சாவுக்கு மனிதன் வேறு இடத்தில் காரணம் தேடுவான். யாரோ சூனியம் செய்கிறார்கள். நம் கைகள் அசுத்தப்பட்டுவிட்டன. அந்தக் கைகளால் வளர்த்த மாடு எப்படி உருப்படும்?

1856 ஏப்ரல் மாதம், காரா என்ற ஆறு கடலில் விழும் இடத்துக்கு அருகே, பயிரில் பறவை ஓட்டப் போயிருந்தாள் நோங்கவூசே என்ற பெண். அந்தப் பெயரின் நடுவில் நாக்கை அண்ணத்தில் தட்டி எழுப்பும் ஓர் ஒலி உண்டு. தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை. பெற்றோரில்லாத பெண், மாமன் ம்லகாஸாவின் வீட்டில் வளர்ந்தவள். அங்கே இரண்டு அந்நியர்கள் தோன்றியதாகச் சொன்னாள். எப்போதோ இறந்துபோனவர்களின் பெயரைத் தங்கள் பெயராகச் சொன்னார்களாம். இறந்தவர்களெல்லாம் எழுந்து வரப்போகிறார்கள். புதிய, நோயில்லாத மாடுகளோடு வருவார்கள். அதற்கு முன் இருக்கிற மாடுகளையெல்லாம் கொன்றுவிட வேண்டும். தானியத்தைக் கொட்டிவிட வேண்டும். விதைக்கக் கூடாது. புது வீடு கட்டுங்கள், புதுப் பட்டி போடுங்கள், புதுத் தானியக் குழி வெட்டுங்கள். சூனியத்தை விட்டுவிடுங்கள்.

நேரம் வேறு ஒத்துக்கொண்டது. போரில் தங்களை எதிர்த்த கவர்னர் காத்கார்ட், கிரிமியாவில் ருஷ்யர்களோடு நடந்த சண்டையில் 1854ல் செத்துப்போன செய்தி கோஸாக்கள் வரை எட்டியிருந்தது. வெள்ளைக்காரனைக் கொன்ற அந்த ருஷ்யர்கள் யார்? நம்மில் செத்தவர்கள்தான் அங்கே எழுந்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நம்பிக்கை இழந்த ஊரில் செய்தி எப்படி உருமாறும் என்பது எந்த யுத்த காலத்திலும் ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அரசர் ஸாரிலி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து நம்பினார். தம் மாடுகளைக் கொன்றார். கோஸாக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நம்பியவர்களை மென்மையானவர்கள் என்றும், நம்பாதவர்களை இறுகியவர்கள் என்றும் சொன்னார்கள். ஊருக்காகத் தன்னை விட்டுக்கொடுப்பவன் மென்மையானவன். தன் மாடு தனக்கு என்பவன் இறுகியவன். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். 1856 ஆகஸ்டில் ஒரு பௌர்ணமி குறிக்கப்பட்டது. யாரும் எழுந்து வரவில்லை. இன்னும் கொல்லாதவர்கள் இருப்பதால்தான் வரவில்லை என்றார்கள். 1857 பிப்ரவரி 18 கடைசி நாள் ஆயிற்று. அன்று சூரியன் ரத்தச் சிவப்பாக உதிக்கும் என்பது வாக்கு. சூரியன் எப்போதும் போல் உதித்து, எப்போதும் போல் அஸ்தமித்தது.

கொல்லப்பட்ட மாடுகள் சுமார் 4,00,000 என்றும், பட்டினியால் மாண்ட மனிதர்கள் சுமார் 40,000 என்றும் சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகிறார்கள். பழைய தோலை வேகவைத்துத் தின்றார்கள், வேர் பறித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்த பகுதியில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை இரண்டு வருஷத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ம்லகாஸாவும் பட்டினியில் இறந்தார். கவர்னர் ஸர் ஜார்ஜ் கிரே இந்தச் சந்தர்ப்பத்தை வீணாக்கவில்லை. சோறு கேட்டு வந்தவர்களை ஒப்பந்தக் கூலிகளாக வெள்ளைக்காரப் பண்ணைகளுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பினார். காலியான நிலத்தில் வெள்ளையர்களைக் குடியேற்றினார். கவர்னர்தான் புதருக்குள் ஆளை ஒளித்து வைத்து அந்தப் பெண்ணை ஏமாற்றினார் என்று சொல்லும் கோஸாக்கள் உண்டு. தலைவர்கள் தங்கள் ஜனங்களைப் பட்டினி போட்டுப் போருக்குத் தூண்டச் செய்த சதி என்று கிரே சொன்னார். சதி என்று சொல்லிவிட்டால் யோசிக்க வேண்டிய சிரமம் இரண்டு தரப்புக்கும் இல்லை.

1989ல் ஜெஃப் பியரஸ் என்ற சரித்திரக்காரர் எழுதிய புத்தகம் நுரையீரல் நோயை மறுபடி நடுவில் கொண்டு வந்து வைத்தது. நோய் கடுமையாகத் தாக்கிய இடங்களில்தான் நம்பியவர்கள் அதிகம் என்பது அவர் வாதம். யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. எப்படியும் சாகப் போகிற மாடு. அதைக் கொன்றால் நல்ல மாடு வரும் என்று ஒருத்தி சொல்கிறாள். கணக்கு ஒன்றும் பைத்தியக்காரக் கணக்கு இல்லையே?

நோங்கவூசேயும் நோன்கோஸி என்ற இன்னொரு தீர்க்கதரிசிச் சிறுமியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. நாவல் எழுதுகிறவன் அந்த முகத்தில் ஏதாவது படிக்கலாமென்று பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. போட்டோவுக்கு நிற்கச் சொன்னதால் நிற்கிற ஒரு பெண், அவ்வளவுதான். அவளைக் கேப் டவுனுக்குக் கொண்டு போய் வைத்திருந்தார்கள். பிற்பாடு கிழக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் வாழ்ந்து 1898ல் இறந்ததாகச் சொல்கிறார்கள்.

அதே 1898ல் பாரிஸில் அந்தக் கிருமி பிடிபட்டது.

பிடித்தவர்கள் எட்மண்ட் நோகார், எமில் ரூ என்ற இருவரும் அவர்கள் கூட்டாளிகளும். அதுவரை எத்தனையோ பேர் வியாதி நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தும் ஒன்றும் காணாமல் எழுந்து போயிருந்தார்கள். சாதாரணக் கிருமிகளை வளர்க்கும் சூப்பில் இது வளரவும் இல்லை. பாரிஸ்காரர்கள் செய்த யுக்தி வெகு விசித்திரமானது. கொலோடியன் என்ற மெல்லிய ஜவ்வுப் பொருளினால் சின்னப் பை செய்து, அதில் சூப்பையும் வியாதி நீரில் ஒரு துளியையும் விட்டுக் கட்டி, முயலின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். முயலின் உடம்புச் சத்து பைக்குள் கசியலாம். முயலின் ரத்த அணுக்கள் உள்ளே நுழைந்து கிருமியைத் தாக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துப் பையை எடுத்தால் தெளிந்திருந்த சூப்பு மங்கியிருந்தது. 2,000 மடங்கு பெருக்கிப் பார்த்தபோது மினுமினுக்கும் நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. என்ன வடிவம் என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் பாக்டீரியாக்கள் எதுவும் தாண்டாது என்று நம்பியிருந்த பீங்கான் வடிகட்டி சிலவற்றை இது தாண்டிப் போயிற்று என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1929ல் மைக்கோபிளாஸ்மா என்று இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். காளானைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர். இது காளான் இல்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வடிவம் ஏன் பிடிபடவில்லை என்றால் இதற்கு வடிவம் கொடுக்கும் சுவர் இல்லை. சாதாரண பாக்டீரியா ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி விறைப்பான ஒரு சுவரை எழுப்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே அழுத்தம் அதிகம். சுவர் இல்லாவிட்டால் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். மைக்கோபிளாஸ்மாவுக்கு மெல்லிய ஜவ்வு ஒன்றுதான் போர்வை. இதன் முன்னோர்களுக்குச் சுவர் இருந்தது. பிற பிராணிகளின் உடம்பில் குடியிருந்து பழகியபின், காலப்போக்கில் சுவரையும் சுவர் கட்டும் வித்தையையும் இழந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. தனக்கு வேண்டிய பல சத்துக்களைத் தயாரிக்கும் சக்தியையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. நம் குடலில் இருக்கும் ஈ. கோலி என்ற பாக்டீரியாவின் மரபுச் சுவடியில் சுமார் 46 லட்சம் எழுத்துக்கள்; மாட்டு நுரையீரல் கிருமியின் சுவடியில் சுமார் 12 லட்சந்தான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் சொந்த வீட்டை விற்று, சமையலை மறந்து, கடைசியில் வேட்டி துவைக்கவும் மறந்துவிட்ட மாதிரி. தன் ஜவ்வு கிழியாமலிருக்க வேண்டிய கொலஸ்டராலைக்கூட மாட்டினிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

வெளியுலகம் இதற்கு ஆகாது. வெயிலிலும் காற்றிலும் சில நாளில் உலர்ந்து சாகும். அதனால்தான் மூச்சிலிருந்து நேரே மூச்சுக்குப் போக வேண்டியிருக்கிறது. கஷ்ட காலத்தைச் சமாளிக்கவும் இதனிடம் ஆயுதம் குறைவு. உஷ்ணம் ஏறினால் ஒன்று, பட்டினி வந்தால் ஒன்று என்று ஈ. கோலி தன் சுவடியில் எந்த ஏட்டைத் திறப்பது என்று மாற்றிக்கொள்ள ஏழு திறவுகோல்கள் வைத்திருக்கிறது. மைக்கோபிளாஸ்மாக்கள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றை வைத்துக் காலம் தள்ளுகின்றன. சூட்டில் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் சில உதவிப் புரதங்களை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன.

பின் எப்படிப் பிழைக்கிறது? சூதாடிப் பிழைக்கிறது என்று சொல்லலாம். அதன் மேல்ஜவ்வில் உள்ள சில புரதங்கள் எந்த உத்தரவும் இல்லாமலே, தலைமுறைக்குத் தலைமுறை, தற்செயலாகத் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கின்றன. ஆபத்து வந்தபின் வேஷம் மாற்றுவதில்லை. கூட்டத்தில் சிலது எப்போதும் வேறு வேஷத்தில் இருக்கிறது. மாட்டின் உடம்பு ஒரு வேஷத்தை அடையாளம் கண்டு அடித்து முடிப்பதற்குள் இன்னொரு வேஷம் பெருகியிருக்கும். போதாததற்குச் சர்க்கரைச் சத்தாலான வழவழப்பான ஒரு பூச்சையும் மேலே பூசிக்கொள்ளும். உடம்பின் காவல்காரர்கள் பாக்டீரியாக்களைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்று, அவற்றின் சுவர்த் துணுக்கை மோப்பம் பிடிப்பது. இங்கே சுவரே இல்லை; மோப்பம் பிடிக்க என்ன இருக்கிறது?

கொல்வதும் நூதனமாகத்தான். காலராக் கிருமியைப் போல் பெரிய விஷம் எதையும் கக்குவதில்லை. மாட்டின் செல்லோடு ஒட்டிக்கொண்டு, அங்கே கிடைக்கும் கிளிசரினைத் தின்கிறது. தின்றதன் கழிவாக ஹைட்ரஜன் பெராக்ஸைடு வெளிப்படுகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே திரவம். அது செல்லை அரிக்கிறது. அப்புறம் மாட்டின் உடம்பே பதறி, வீங்கி, நீர் கோத்துத் தன் நுரையீரலைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நெஞ்சில் தேங்குகிற அத்தனை நீரும் மாடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த முயற்சிதான்.

சுவரை இழப்பது மைக்கோபிளாஸ்மாவுக்கு நிரந்தரமாகிவிட்டது. வேறு சில பாக்டீரியாக்கள் நெருக்கடியில் மட்டும் அதைச் செய்கின்றன. இதைக் கண்டவர் எம்மி கிளீனபெர்கர். யூதப் பெண் என்பதற்காக 1933ல் பிராங்க்பர்ட்டில் வேலையை இழந்து, லண்டன் லிஸ்டர் ஸ்தாபனத்துக்கு வந்து சேர்ந்த ஆராய்ச்சிக்காரி. 1935ல், சுவருள்ள ஒரு பாக்டீரியாவின் வளர்ப்பில் சுவரில்லாத உருவங்களைக் கண்டு, தமக்கு இடம் கொடுத்த ஸ்தாபனத்தின் முதலெழுத்தை வைத்து அவற்றை எல்-உருவங்கள் என்றார். பாக்டீரியாவோடு கூடி வாழும் வேறு உயிர் அவை என்பது அவர் கட்சி. அதே பாக்டீரியாதான் சுவரைக் கழற்றியிருக்கிறது என்பது பாஸ்டனில் இருந்த லூயி டீனஸின் கட்சி. டீனஸ் சொன்னதுதான் சரியென்று ஆயிற்று. பெனிசிலின் கொடுத்தால் சில பாக்டீரியாக்கள் இப்படிச் சுவரை விட்டுவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்வதைப் பிற்பாடு நன்றாகவே பார்த்தார்கள்.

பெனிசிலின் தாக்குவது சுவர் கட்டும் வேலையைத்தான். சுவரே இல்லாதவனை அது என்ன செய்யும்? இரண்டாவது யுத்த காலத்தில், பெனிசிலினுக்கு மசியாத ஒருவகை நிமோனியா மனிதர்களிடம் டாக்டர்களைக் குழப்பிற்று. 1944ல் மன்ரோ ஈட்டன் அந்தக் கிருமியைப் பிரித்தார். வடிகட்டியைத் தாண்டியதால் வைரஸ் என்றே பலரும் எண்ணிவிட்டார்கள். 1962ல் சானக், ஹேஃபிளிக், பாரைல் மூவரும் அதைத் தட்டில் வளர்த்துக் காட்டியபோதுதான் அது மாட்டுக் கிருமியின் உறவினன் என்பது உறுதியாயிற்று. இருமிக்கொண்டே ஆபீசுக்குப் போய் வருகிற லேசான நிமோனியா பல சமயம் இந்தக் குடும்பத்தின் வேலைதான்.

நம் கொல்லையிலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு கிளை உண்டு. கத்தரிச் செடியில் இலை சிறுத்துச் சிறுத்துக் கொத்துக் கொத்தாக வந்து, காயே பிடிக்காமல் போகிற சிற்றிலை நோயைப் பார்த்திருப்பீர்கள். எள்ளில் பூவெல்லாம் இலையாக மாறிவிடும் நோயும் அதே வகை. வெகு காலம் வைரஸ் என்றுதான் நினைத்தார்கள். 1967ல் ஜப்பானில் தோய் என்பவரும் அவர் சகாக்களும் இப்படிப்பட்ட செடிகளின் சாறு ஓடும் குழாய்களில் சுவரில்லாத பாக்டீரியாக்களைக் கண்டார்கள். செடிக்குச் செடி இதைச் சுமந்து போவது தத்துப்பூச்சி.

இத்தனை குறைந்த மூலதனத்தில் குடித்தனம் நடத்துவதால் விஞ்ஞானிகளுக்கு இதன்மேல் தனி மோகம். 2010ல் அமெரிக்காவில் கிரெய்க் வெண்டரின் குழு ஒரு மரபுச் சுவடியை முழுவதும் ரசாயன முறையில் எழுத்தெழுத்தாகக் கோத்து, ஒரு செல்லுக்குள் வைத்து ஓட்டிக் காட்டியது. அவர்கள் பிரதி செய்த சுவடி, மாட்டு நுரையீரல் கிருமிக்கு நெருங்கிய சகோதரமான ஆட்டுக் கிருமியினுடையது. மனிதன் கையால் எழுதிய முதல் பாக்டீரியாச் சுவடி இந்த வீட்டோடு மாப்பிள்ளையுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

கடைசியில் இந்த நோயை ஒழித்தது எது? வில்லம்ஸின் ஊசி உதவிற்று. ஆஸ்திரேலியா தடுப்பு மருந்தை விடாமல் போட்டு, மாடுகளைப் பரிசோதித்து, 1973ல் நோயில்லா நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஆனால் மற்ற பல இடங்களில் ஒழித்தது கத்தி. அமெரிக்க சர்க்கார் 1884ல் கால்நடை இலாகா ஒன்றை ஏற்படுத்தியதே பெரும்பாலும் இந்த வியாதிக்குப் பயந்துதான். நோய்பட்ட மாடுகளையும் அவற்றோடு பழகிய மாடுகளையும் விலை கொடுத்து வாங்கி வெட்டினார்கள்; 1892ல் நோய் போயிற்று. இங்கிலாந்தில் 1890ல் சட்டம் போட்டு, நஷ்ட ஈடு கொடுத்து அதையே செய்தார்கள். மந்தையில் ஒன்று கெட்டால் முழு மந்தையையும் சந்தேகிக்க வேண்டும், வெளியே பளபளக்கும் மாட்டை நம்பக் கூடாது, பழையதை அடியோடு தீர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டங்களின் சாரம். அதிகாரிகள் பேசிய பாஷை வேறு, காரா ஆற்றங்கரையில் கேட்ட பாஷை வேறு. வெட்டுப்பட்ட மாட்டுக்குப் பின்னால் நியூஜெர்ஸிக் குடியானவனுக்குப் பணம் வந்தது. கோஸாவுக்கு வருவதாகச் சொன்னது எழுந்து வரவில்லை; வந்தது கவர்னருடைய கூலி ஒப்பந்தம். கோஸாக்கள் தானியத்தையும் சேர்த்து அழித்தார்கள், விதைக்காமலும் இருந்தார்கள் என்பது உண்மை. அதற்கு எந்தக் கால்நடை சாஸ்திரத்திலும் சமாதானம் கிடையாது. மாடு வெட்டிய விஷயத்தில் மட்டும் அவர்களை மூடர் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து நோய் 1924ல் ஒழிந்தது. இந்தியாவில் அஸ்ஸாம் பக்கம் இருந்தது. 2007ல் சர்வதேச கால்நடை நிறுவனம் இந்தியா நோயற்றது என்று ஒப்புக்கொண்டது. சஹாராவுக்குத் தெற்கே பல தேசங்களில் அது இன்னும் இருக்கிறது.

1995ல் நமீபியா எல்லையை ஒட்டிய பாட்ஸ்வானாவின் வடமேற்கு மாவட்டத்தில், ஐம்பது வருஷத்துக்கு மேல் அங்கே காணாமலிருந்த நோய் மறுபடி தலைகாட்டிற்று. வேலி போட்டுப் பார்த்தார்கள், தடுப்பு மருந்து போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் அந்த மாவட்டத்து மாடுகள் அத்தனையையும் கொன்றுவிடுவதென்று சர்க்கார் முடிவு செய்தது. அடுத்த வருஷத்துக்குள் சுமார் 3,20,000 மாடுகள் போயின. கோஸாக்கள் வெட்டியதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு. வெறும் பட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பங்களுக்குச் சர்க்கார் ஈட்டுத் தொகை கொடுத்தது. பிற்பாடு வேறு மாவட்டங்களிலிருந்து நோயற்ற மாடுகள் ஓட்டி வரப்பட்டன.